மூன்று கிலோ

தூத்துக்குடி,
நவம்பர் கடைசி ஞாயிறு

விளாத்திகுளத்திலிருந்து எழுதிய தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, அது முடிந்தால் லீவு. வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை போடும் மாமியார். கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் என்று பண்டிகைகள் வரிசை கட்டி நிற்கின்றன. “தை முடியட்டும், மாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொல்லட்டுமா அக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிப்போடலாமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பண்டிகைக்காகத் தள்ளிப்போட்ட ஒருத்தி என்ன ஆனாள் என்பதை நான் சொல்கிறேன்.

எனக்கும் கர்ப்பப்பையில் கட்டிதான். மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று உதிரம் போய்க்கொண்டிருந்தது. 2023 ஜூலையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், எடுத்துவிடலாம் என்றார். நான்தான் அவகாசம் கேட்டேன். பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்த வருஷம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தங்கத்தேர் வேறு. தேர் பார்க்க வரும் சொந்தபந்தத்துக்கு யார் சோறு வடிப்பது? தேர் முடிந்ததும் காலாண்டுத் தேர்வு. அது முடிந்ததும் கல்லறைத் திருநாள். நவம்பரில் ஒரு நாள் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய உடம்பில் ஏழு இருந்தது. பத்தாவது வராமல் கத்தி வைக்கமாட்டேன் என்றார் டாக்டர். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து ஊசி போட்டு, கடைசியில் கிடைத்த தேதி டிசம்பர் 8. அன்றைக்கு அமலோற்பவ மாதா திருநாள். பண்டிகைக்குப் பயந்து ஓடியவள் பண்டிகையன்றே போய்ப் படுத்தேன்.

12-ஆம் தேதி டிஸ்சார்ஜ். கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: “ஆறு வாரத்துக்கு மூணு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது.” காரணத்தையும் சொன்னார். வெளியே தெரியும் தையல் பத்து நாளில் ஒட்டிவிடும். உள்ளே வயிற்றுத் தசையைப் பிடித்திருக்கும் உறை பழையபடி கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கனம் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, தையல் போட்ட இடம் பலவீனப்படும். பின்னால் அந்த வழியே குடல் பிதுங்கலாம். அதைத்தான் ஹெர்னியா என்கிறார்கள்.

நான் தலையை ஆட்டினேன். மூன்று கிலோ என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகத் தூக்குகிறேன், எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை.

அப்போது எட்டாம் வகுப்புப் படித்த என் மகனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். நிறைகுடம் 15 கிலோ. அலசிப் பிழிந்த துணி வாளி 11. தோசை மாவுச் சட்டி ஐந்தரை. சோறு வெந்த குக்கர் 6. ரேஷன் அரிசிப் பை 20. அவன் புத்தகப் பை 7. தினமும் அதை வேன் வரைக்கும் கொண்டுபோனவளும் நான்தான். சிலிண்டரைத் தராசில் மாட்ட முடியவில்லை. அதன் கழுத்தில் எழுதியிருந்த இரும்பின் எடையோடு 14.2 கிலோ கேஸையும் கூட்டி, ஏறக்குறைய 30 என்று நோட்டில் எழுதினான். மூன்று கிலோவைத் தாண்டிய எல்லாவற்றிலும், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புத் தாளை வெட்டி ஒட்டினான். அடுக்களையில் மட்டும் பத்தொன்பது சிவப்பு.

அப்போது பிளஸ் டூ படித்த மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இதெல்லாம் தூக்குனது யாருப்பா?” என்று கேட்டாள். கண்டெய்னர் யார்டில் நாள் முழுக்கச் சரக்கின் எடையைக் குறிக்கிறவர் அவள் அப்பா. அவர் பதில் சொல்லவில்லை. தராசை வாங்கித் துணி வாளியை இன்னொரு முறை நிறுத்தார்.

தங்கையே, நம் வேலைக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை பார்த்த பெண்கள் அப்போது ஒரு நாளைக்கு அதில் செலவிட்டது 299 நிமிஷம். ஆண்களில் அந்த வேலை பார்த்தவர்கள் செலவிட்டது 97 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்று நேரத்தை எண்ணிவிட்டார்கள். கனத்தை யாரும் நிறுக்கவில்லை. அதே 2023 செப்டம்பர் 15-இல் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பேர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் உழைப்பவள் சும்மா இருப்பவள் அல்ல என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே பெரிது.

எங்கள் ஊரில் குடத்துக்குத் தனிக் கதை உண்டு. கடல் பக்கத்தில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர் இது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். இன்றைக்கும் அவர் சிலைக்கு மாலை விழுகிறது. ஆனால் தெருக்குழாயிலிருந்து அடுக்களைக்கு வர, தண்ணீருக்கு அன்றும் இன்றும் ஒரு பெண்ணின் இடுப்புதான் வழி.

படுக்கையில் கிடந்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேராக எழுந்திருக்க முடியாது. ஒருக்களித்து, காலைத் தொங்கப்போட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்வது தையலைப் பார்த்துக்கொள்வதைப் போல முக்கியம். தண்ணீர், கீரை, பழம். வெட்கப்படாமல் டாக்டரிடம் மருந்தும் கேளுங்கள்.

பெரிய சண்டை பத்தியத்தில் வந்தது. கருவாடு கரப்பான், இறால் கரப்பான், தயிர் சீழ் பிடிக்கும், தேங்காய் ஆகாது என்று மாமி, அதாவது என் மாமியார், ஒரு பட்டியல் வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் போல பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் மட்டும் போதும் என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, “புண் ஆறப் புரதம் வேணும் பாட்டி. மீனு, முட்டை, பருப்பு எல்லாம் குடுங்க. நடக்கவும் விடுங்க” என்றார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலட் என்ற அறுவை மருத்துவர் 1990-களில் இதைத்தான் முறையாகச் செய்து காட்டினார். ஆபரேஷன் ஆனவரைப் பட்டினி போட்டுப் படுக்க வைப்பதைவிட, சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள். இப்போது உலகம் முழுக்கப் பல ஆஸ்பத்திரிகளில் அந்த வழிதான். மாமிக்கு டென்மார்க் தெரியாது. ஆனாலும் சுறாப்புட்டில் புரதம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் சமாதானமாகிவிட்டார்.

தையல் பிரிக்க டிசம்பர் 18, திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். 17-ஆம் தேதி ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. அந்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். திங்கள் காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய எண்ணூறு பேர் தவித்தார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து அந்தத் தண்ணீரும் ஊருக்குள் வந்தது. கரண்ட் போனது, போன் போனது. அரையாண்டுத் தேர்வு பாதியில் நின்றது. நீங்கள் பயப்படுகிற லீவு எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் வந்தது.

வீட்டுக்குள் கரண்டைக்கால் அளவு தண்ணீர் ஏறியதும் என்னை மாடி வீட்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் வீட்டுக்காரரும் எதிர்வீட்டுத் தம்பியும் படிப்படியாகத் தூக்கினார்கள். பின்னால் டார்ச் பிடித்து வந்த மகன் சொன்னான்: “அம்மா, மொதல்ல ஒனக்குத்தான் செவப்புத் தாள் ஒட்டியிருக்கணும். அறுபத்தெட்டு கிலோ!” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத்திப் பிடிக்கத் தலையணை இல்லை. அது கீழே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. வலியில் கண்ணீர் வரச் சிரித்தேன்.

மாடி வீட்டு அக்கா காயல்பட்டினத்துக்காரர். தாய் வீட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று தெரியாமல், வராத போனைக் கையில் பிடித்துக்கொண்டே எங்கள் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார். அவர்தான் ராத்திரியில் என் கட்டை அவிழ்த்துப் பார்த்து, நனையவில்லை என்று உறுதி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை திரேஸ்புரத்திலிருந்து என் அண்ணன் ஃபைபர் போட்டோடு வந்தார். கடற்கரை ஆட்கள் பலரும் அப்போது போட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, வெள்ளம் சூழ்ந்த தெருக்களுக்கும் ஆற்றங்கரை ஊர்களுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் ஊர்ச்சனத்தைக் கரை சேர்த்துவிட்டு, வியாழக்கிழமை என்னை மெயின்ரோடு வரை போட்டில் கொண்டுபோனார். தையல் பிரிக்கப் போட்டில் போனவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதுவரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். தப்பு நடந்தது வெள்ளிக்கிழமை.

முத்தம்மாள் காலனி போன்ற இடங்களில் தண்ணீர் வடிய இன்னும் பல நாள் ஆயிற்று. எங்கள் வீட்டுக்குள் 22-ஆம் தேதியே வடிந்துவிட்டது. தரை முழுக்கச் சேறு. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கிறது. வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடர் வாங்கப் போயிருந்தார். பிள்ளைகள் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்தார்கள். ஊறிப்போன பஞ்சு மெத்தை நடுவீட்டில் கிடந்து நாறியது. ஒரு அடி தள்ளிப் போட்டால் போதும் என்று குனிந்து ஒரு முனையைத் தூக்கினேன். ஒரே ஒரு அடி. வயிற்றுக்குள் ஏதோ சுருக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மாமிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் வந்தாள். அந்தச் சேற்றிலும் தன் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். என் சேலையில் இருந்த ஈரத்தை அவள்தான் முதலில் கவனித்தாள். “என்னத்தத் தூக்குனீங்க அக்கா?” என்றாள். ‘ஏதாவது தூக்குனீங்களா’ என்று கேட்கவில்லை, தெரிந்துதான் கேட்டாள். தையலின் ஒரு முனை திறந்திருந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் மாத்திரை, பத்து நாள் தினமும் கட்டு மாற்றல். ஒரு அடி நகர்ந்த மெத்தைக்கு இவ்வளவு விலை.

அன்று ராத்திரி அண்ணன் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எங்கள் தாத்தா பேச்சை எடுத்தார். தாத்தா முத்துக் குளித்தவர். இங்கே கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தபோதும் இறங்கினார். கல்லில் கால் ஊன்றிக் கடலுக்குள் போகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் ஒருவர் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது விடாமல் பிடிப்பான் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. எல்லோரும் அந்த மச்சானைத்தான் பேசுவார்கள். அண்ணன் பேசியது வேறு.

“மேல பிடிச்சிருக்கவனுக்குக் கீழ நடக்கது தெரியாது பிள்ள. அவன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் தெரியாது. குளிக்கவன் இழுத்தாத்தான் தெரியும். மூச்சு முட்டயிலயும் இன்னும் ரெண்டு சிப்பின்னு நின்னவன் எத்தனையோ பேரு. தாத்தா அறுபது வயசு தாண்டி இருந்தாருன்னா, சீக்கிரமா இழுத்ததுனாலதான்.”

என் வீட்டுக்காரர் நல்லவர்தான், தங்கையே. பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். நான் கயிற்றை இழுத்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷம் ‘ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிடுதேன்’ என்றே சொல்லிப் பழகியவள். என் கனம் அவர்களுக்குத் தெரியாமல் போனதில் என் பங்கும் இருந்தது.

மறுநாளிலிருந்து பக்கத்தில் ஒரு டம்ளரும் கரண்டியும் வைத்துக்கொண்டேன். வேண்டியபோது இரண்டு தட்டு. முதல் தட்டுக்கே உடம்பு கூசியது. நாலாவது நாள் பழகிவிட்டது. எட்டாவது நாள் மகன், “அம்மா, ரொம்பத்தான் இழுக்க” என்றான்.

கிறிஸ்துமஸ் வந்தது. சாமப் பூசைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்டேன். குடிலில் வைக்கோலுக்குப் பதில் பழைய செய்தித்தாள். ஒட்டகத்தில் ஒன்று வெள்ளத்தோடு போய்விட்டது. வருஷா வருஷம் மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கரு அடிப்பது நான். முட்டை அடிக்கும் மெஷின் தண்ணீரில் மூழ்கிக் கெட்டுப்போனதால் மகள் கையாலேயே அடித்தாள். பாத்திரத்தில் ஈரம் இருந்ததோ, மஞ்சள் கரு கொஞ்சம் விழுந்ததோ, நுரை ஏறவில்லை. நுரை ஏறாவிட்டால் கூம்பு நிற்காது. சீனியும் முந்திரித்தூளும் கலந்து, தெருமுனை பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கி வந்தார்கள். மக்ரூன் அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது. நான் எழுந்துபோய்ச் சரி செய்யவில்லை. தட்டையாகவே தின்றோம். முந்திரி முந்திரிதானே.

பொங்கல் எனக்கு முப்பத்தெட்டாவது நாள். பானையை வீட்டுக்காரர் இறக்கி வைத்தார். ஆறு வாரம் முடிந்தது ஜனவரி 19-இல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் ஓர் அக்கா இருக்கிறார். மற்ற மாதங்களில் உப்பளத்தில் வேலை. மழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை கிடையாது. அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் நிவாரணமும் இப்படி நாலு வீட்டு வேலையும்தான் கஞ்சி. எனக்கு நடந்த ஆபரேஷன் அவருக்கும் நடந்திருக்கிறது. இருபத்தைந்தாவது நாள் உப்புக் கூடை தூக்கினார். இருபது கிலோவுக்குக் குறையாது. “வயித்தப் பாத்தா வயிறு நெறையுமா தாயி?” என்பார். இன்றைக்கு அவர் வயிற்றில் ஹெர்னியா ஒரு தேங்காயளவு பிதுங்கி நிற்கிறது. எனக்குக் கிடைத்த ஆறு வாரம் என் சாமர்த்தியத்தால் கிடைத்ததல்ல. வாங்கித் தின்ன வீட்டில் ஒரு சம்பளம் இருந்தது. உங்களுக்கும் இருக்கிறது. இருக்கும்போது அதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களுக்கு. போவதற்கு முன்பே தராசு ஒன்று வாங்கி, பிள்ளைகள் கையால் வீட்டை நிறுக்கச் சொல்லுங்கள். எது யாருடையது என்று அன்றைக்கே பிரித்துக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை, மாத்திரைச் சீட்டு மூன்றையும் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் அடித்தாலும், தையலில் நீரோ சீழோ வந்தாலும், உதிரம் அதிகம் பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பண்டிகைக்கு யாராவது வந்தால் எழுந்து போய் வரவேற்காதீர்கள். அவர்களே அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டுக் குடிக்கட்டும்.

டாக்டர் மாற்றச் சொன்னால் ஒழிய, தேதியை மாற்றாதீர்கள். மாசியில் சிவராத்திரி வரும். பங்குனியில் பிளஸ் டூ பரீட்சை வரும். நம் வீட்டுக் காலண்டரில் காலியான மாதம் கிடையாது.

எங்கள் வீட்டில் சிவப்புத் தாள்கள் பெரும்பாலும் கிழிந்துபோயின. குடத்தில் ஒட்டியது மட்டும் சாயம் போய் வெள்ளையாக இன்னும் இருக்கிறது. குடத்தைத் தூக்குவது இப்போது மகன்.

அன்புடன்,
உங்கள் அக்கா